பிரட்டுக்களமும் கொள்கலனும்: ஜாவா வலைச் செயலிகளில் சார்பு உட்செலுத்தல் வளர்ந்த வரலாறு

மென்பொருளின் ஓர் உறுப்பு தன் வேலைக்கு வேண்டிய பிற உறுப்புகளைத் தானே உண்டாக்கிக்கொள்ளாமலும் தானே தேடிச் செல்லாமலும் இருக்க, அவற்றை வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவந்து அதன் கையில் கொடுக்கும் வழக்கத்துக்குச் சார்பு உட்செலுத்தல் என்று பெயர். நிரலாளர்கள் தங்களுக்குள் பேசும்போது இதை டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன் என்பர். சார்பு என்பது இங்கே ஓர் உறுப்பு எதை நம்பி இயங்குகிறதோ அதைக் குறிக்கும்: கடன் விண்ணப்பத்தைக் காட்டும் வலைப்பக்கம் வாடிக்கையாளர் விவரம் தரும் சேவையை நம்பியிருக்கிறது, அச்சேவை தரவுத்தளத் தொடர்பை நம்பியிருக்கிறது. இவ்வழக்கத்தின் வரலாறு பெரும்பாலும் அது தீர்த்துவைத்த சிக்கல்களின் வரலாறாகவே எழுதப்பட்டுவருகிறது. ஆனால் அது உண்டாக்கிய சிக்கல்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை ஒரே இடத்தில், அதாவது உறுப்புகளைப் பிறப்பிக்கும் கை ஒன்றாகவும் அவற்றுக்கு வேண்டியதைக் கொடுக்கும் கை வேறொன்றாகவும் இருக்கும் எல்லையில் பிறந்தவை என்பது விளங்கும்.

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத் தமிழருக்கு இந்த ஏற்பாட்டை விளக்கப் புதிய உவமை எதையும் தேட வேண்டியதில்லை. தான் சாய் யான் என்பவர் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைப் பயிரிட்டதிலிருந்து தொடங்கிய தோட்டப் பொருளாதாரம், காடேக், ரெம்பியா, கெமுனிங், தெபோங் போன்ற ஊர்ப்புறங்களில் தமிழ்க் குடும்பங்களை நிலைநிறுத்தியது. அத்தோட்டங்களில் ஒவ்வொரு நாளும் பொழுது விடிவதற்கு முன்பே பிரட்டுக்களத்தில் தொடங்கியது. பிரட்டு என்பது வேலையாட்கள் கூடிநின்று பெயர் கொடுக்கும் சடங்கு: தோட்ட எழுத்தரான கிராணி, செக்ரோல் என்னும் பெயர்ப் பதிவேட்டை வைத்துக்கொண்டு பெயர் வாசிக்க, யார் எந்த நிரையில் பால்மரம் வெட்டுவது என்பது அங்கேயே முடிவாகும். மரம் வெட்டுபவர் தமக்குரிய நிரையைத் தாமே தேர்ந்துகொள்வதில்லை. அது அவருக்கு ஒதுக்கப்படும். செக்ரோலில் பெயர் ஏறாதவருக்கு அன்று நிரையும் இல்லை, கூலியும் இல்லை. பிரட்டுக்களத்தில் நின்றவர்கள் மனிதர்கள் என்பதையும், தங்கள் நாளைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது என்பதையும் மறந்துவிட்டு இந்த ஒப்பீட்டைச் செய்வது அறமாகாது. ஒப்புமை பதிவேட்டுக்கும் ஒதுக்கீட்டுக்கும் மட்டுமே உரியது. அந்த அளவில் அது மிகவும் பொருந்துகிறது. ரப்பரால் அறியப்பட்ட இதே மாவட்டத்தின் டுரியான் துங்கலில்தான், 2000 டிசம்பர் 1 அன்று பல்கலைக்கழகக் கல்லூரியாக நிறுவப்பட்டு 2007இல் முழுப் பல்கலைக்கழகமான மலேசியா மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் அமைந்தது. அதன் தகவல் தொடர்புத் தொழில்நுட்பப் புலம் வளர்ந்த ஆண்டுகளும் ஜாவா உலகில் சார்பு உட்செலுத்தல் வேரூன்றிய ஆண்டுகளும் ஏறத்தாழ ஒன்றே.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995இல் அறிவித்த ஜாவா மொழிக்கு, ஜாவாத் தீவின் காப்பியைக் கருதி அப்பெயர் அமைந்தது. மணிமேகலை சாவக நாடு என்று சொல்லும் நிலப்பரப்பை நினைவூட்டும் பெயர் அது. வலைச் செயலிகளுக்கான சர்வ்லெட் என்னும் உறுப்பு 1997இல் வந்தது. உலாவி அனுப்பும் கோரிக்கையை வாங்கி மறுமொழி எழுதித் தரும் இந்தச் சர்வ்லெட்டை நிரலாளர் எழுதுகிறார், ஆனால் அதைப் பிறப்பிப்பவர் அவரல்லர். டாம்கேட் போன்ற சேவையகம், தனக்கு வேண்டிய நேரத்தில், அளபுருக்கள் இல்லாத ஆக்கியை அழைத்து அதை உண்டாக்குகிறது. ஆக்கி என்பது ஒரு பொருள் பிறக்கும்போதே ஓடும் நிரல்பகுதி, அதாவது கன்ஸ்ட்ரக்டர். பிறப்பிக்கும் கை சேவையகத்தினுடையதாக இருப்பதால், பிறக்கும்போதே எதையும் அதன் கையில் கொடுத்தனுப்ப நிரலாளருக்கு அன்று வழியிருக்கவில்லை. மேலும், ஒரே சர்வ்லெட் பொருள்தான் எல்லாப் பயனர்களின் கோரிக்கைகளையும் ஒரே நேரத்தில் பல இழைகளில், அதாவது த்ரெட்களில், கையாளும். பின்னாளில் கால் நூற்றாண்டு நீடித்த தொல்லைகளின் வித்து, யாரும் அப்போது பெரிதாக எண்ணாத இந்த இரண்டு ஏற்பாடுகளில் இருந்தது.

1998 மார்ச்சில் எண்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ் எனப்படும் இஜேபியின் முதல் வரையறையும், 1999 டிசம்பரில் ஜே2இஇ என்னும் பெருநிறுவனத் தொகுப்பும் வெளியாயின. வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் நம்பி ஏற்ற இத்தொகுப்பில், ஓர் உறுப்பு தன் சார்பைப் பெற ஜேஎன்டிஐ என்னும் பெயரகராதியில் தேட வேண்டியிருந்தது. முதலில் அகராதியைத் திறக்க வேண்டும். பின்னர் சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட நீண்ட பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுக்க வேண்டும். கிடைத்த பொருளை உரிய வகைக்கு மாற்ற வேண்டும். அதுவும் சேவையன்று, சேவையை உண்டாக்கித் தரும் இல்ல இடைமுகமே என்பதால் அதனிடம் இன்னொரு முறை கேட்க வேண்டும். இத்தனைக்கும் இடையில் எழக்கூடிய பிழைகளைப் பிடிக்கும் வரிகளையும் சேர்த்தால், உண்மையான வேலை ஒரு வரியாகவும் தேடும் வேலை பத்து வரியாகவும் ஆகிவிடும். பெயரில் ஓரெழுத்து தவறினால் தொகுப்பி, அதாவது கம்பைலர், அதைக் கண்டுபிடிக்காது, செயலி ஓடும்போதுதான் அது வெளிப்படும். இதைவிடக் கடுமையான குறை, அகராதி சேவையகத்துக்குள் மட்டுமே உயிருடன் இருந்தமையால் எந்த உறுப்பையும் தனியே எடுத்துச் சோதிக்க முடியாமல் போனது. 2001இல் வெளிவந்த ஜே2இஇ வடிவமைப்பு முறைகள் பற்றிய புகழ்பெற்ற நூல் ஒன்று, தேடும் வேலையை ஒரே வகுப்புக்குள் திரட்டும் சர்வீஸ் லொக்கேட்டர் என்னும் முறையைப் பரிந்துரைத்தது. வரிகள் குறைந்தன, தேடல் நீங்கவில்லை.

தேடலை அறவே விட்டொழிக்கும் எண்ணம் ஜாவாவுக்கு முன்பே இருந்தது. ரால்ஃப் ஜான்சனும் பிரையன் ஃபூட்டும் 1988இல் எழுதிய கட்டுரையில், நிரலாளரின் நிரல் சட்டகத்தை, அதாவது ஃபிரேம்வொர்க்கை, அழைப்பதற்கு மாறாகச் சட்டகமே நிரலாளரின் நிரலை அழைப்பதைக் கட்டுப்பாட்டுத் தலைகீழாக்கம் என்று குறித்தனர். அப்பாச்சி அறக்கட்டளையின் அவலான் திட்டம் 1999 முதல் இக்கருத்தைச் சேவையக நிரல்களுக்குக் கொண்டுவந்தது. ஆனால் அவலானில் சேர விரும்பும் ஒவ்வொரு வகுப்பும் அவலானின் இடைமுகங்களை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. வெளியே எடுத்தால் அந்த வகுப்பு தனித்து நிற்காது.

ராட் ஜான்சன் 2002இல் வெளியிட்ட ஜே2இஇ வடிவமைப்பு நூலுடன், அவர் தம் ஆலோசனைப் பணியில் திரட்டிய சட்டக நிரலையும் சேர்த்துத் தந்தார். யூர்கன் ஹோலர், யான் கரோஃப் ஆகியோர் உடன்சேர, அந்நிரல் 2003 ஜூனில் ஸ்பிரிங் என்னும் பெயரில் திறமூலமாக வெளியாகி, 2004 மார்ச்சில் 1.0 பதிப்பை எட்டியது. ஏறத்தாழ அதே காலத்தில் பால் ஹாமன்ட், அஸ்லாக் ஹெலசோய் முதலியோர் உருவாக்கிய பைக்கோகன்டெய்னர், சார்புகளை ஆக்கி வழியாகவே கொடுப்பது நல்லது என்று வாதிட்டது. ஸ்பிரிங்கோ, பொருள் பிறந்த பின் செட்டர் என்னும் அமைப்புமுறைகளை அழைத்துக் கொடுப்பதை விரும்பியது. 2004 ஜனவரி 23 அன்று மார்ட்டின் ஃபவுலர் வெளியிட்ட கட்டுரை இவ்விரண்டையும் இடைமுக வழிக் கொடுத்தலையும் மூன்று வகைகளாகப் பிரித்து, கட்டுப்பாட்டுத் தலைகீழாக்கம் என்ற சொல் மிகப் பொதுவானது என்பதால் டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன் என்னும் குறிப்பான பெயரை நிலைநிறுத்தியது.

இப்புதிய ஏற்பாட்டின் நடுவே நின்றது கொள்கலன், அதாவது கன்டெய்னர். செயலி தொடங்கும் கணத்திலேயே அது தன் பெயர்ப்பட்டியலை வாசித்து, உறுப்புகளை உரிய முறையில் பிறப்பித்து, ஒவ்வொன்றுக்கும் வேண்டியதை ஒதுக்கிவிடும். முதல் கோரிக்கை வருவதற்குள் எல்லாரும் தத்தம் நிரையில் நிற்பர். பிரட்டுக்களத்தின் சாயலை இதில் காண்பது கடினமன்று. தொடக்க ஆண்டுகளில் அப்பட்டியல் எக்ஸ்எம்எல் கோப்பாக இருந்தது. வகுப்பின் பெயரை நிரலில் மாற்றிக் கோப்பில் மாற்ற மறந்தவர்களுக்கு, செயலி தொடங்கும்போதே பல பக்க நீளப் பிழைச்செய்தி காத்திருந்தது; எனினும் பிழை தொடக்கத்திலேயே தெரிந்துவிடுவது ஜேஎன்டிஐ காலத்தை நினைக்கப் பெரும் முன்னேற்றமே. 2004இல் ஜாவா 5 கொண்டுவந்த அனோடேஷன் என்னும் குறியீடுகள் இப்பட்டியலை நிரலுக்குள்ளேயே எழுத இடமளித்தன. 2007இல் கூகுளின் பாப் லீ முன்னின்று வெளியிட்ட கைஸும், அவ்வாண்டின் இறுதியில் வந்த ஸ்பிரிங் 2.5இன் ஆட்டோவயர்ட் குறியும் அவ்வழியை மக்கள் வழக்காக்கின.

ஆயினும் கொள்கலனின் பெயர்ப்பட்டியலுக்குள் எல்லா உறுப்புகளும் வரவில்லை. வலைப்பக்கத்தின் உறுப்புகளைப் பிறப்பிக்கும் உரிமையை வலைச் சட்டகங்கள் கொள்கலனுக்குத் தராமல் தங்கள் கையிலோ நிரலாளரின் கையிலோ வைத்திருந்தன. இதன் விளைவை மிகத் தெளிவாகக் காட்டுவது, ஜொனாதன் லாக்கால் 2004இல் தொடங்கப்பட்டு 2007இல் அப்பாச்சியின் முதல்நிலைத் திட்டமான விக்கெட். விக்கெட்டில் ஒரு பக்கம், அதிலுள்ள படிவம், படிவத்திலுள்ள பொத்தான் ஆகிய ஒவ்வொன்றும் சாதாரண ஜாவாப் பொருள். நிரலாளர் நியூ என்னும் சொல்லை எழுதித் தாமே அவற்றைப் பிறப்பிக்கிறார். அவர் பிறப்பித்ததைக் கொள்கலன் அறியாது. ஆகையால் அப்பொத்தானுக்குரிய சேவைப் புலம் வெறுமையாகவே கிடக்கும், அதைத் தொட்டவுடன் வெறுஞ்சுட்டுப் பிழை எழும். செக்ரோலில் ஏறாத பெயரின் நிலை இதுதான்.

விக்கெட் குழுவினர் இதற்குக் கண்ட வழி நுட்பமானது. எல்லா விக்கெட் உறுப்புகளுக்கும் தாயான காம்பொனென்ட் வகுப்பின் ஆக்கியில் ஒரு கேட்பானை வைத்து, எந்த உறுப்பு பிறந்தாலும் உடனே அதன் புலங்களைப் பார்த்து, ஸ்பிரிங்பீன் என்னும் குறி இருக்கும் இடங்களில் சேவையை வைத்துவிடச் செய்தனர். இங்கே ஒரு பொறி மறைந்திருந்தது. ஜாவாவில் தாய் வகுப்பின் ஆக்கி முடிந்த பிறகே சேய் வகுப்பின் புலங்களுக்குத் தொடக்க மதிப்பு இடப்படும். நிரலாளர் ஒருவர், முன்னெச்சரிக்கை என்று கருதி, அப்புலத்துக்கு நேரே ‘சமம் நல்’ என்று எழுதிவைத்தால், தாய் ஆக்கி வைத்துச் சென்ற சேவையைச் சேயின் தொடக்க வரி துடைத்து வெறுமையாக்கிவிடும். குறியும் சரி, பட்டியலும் சரி, சேவையும் சரி. தேவையற்ற ஒரு தொடக்க மதிப்பு எல்லாவற்றையும் பாழாக்கும். ஒரு முறை இதில் சிக்கியவர் ஜாவாவில் பொருள்கள் பிறக்கும் ஒழுங்கை வாழ்நாளில் மறக்கமாட்டார்.

இரண்டாவது தொல்லை பக்கங்களின் ஆயுளைப் பற்றியது. பயனர் உலாவியின் பின்செல் பொத்தானை அழுத்தினால் பழைய பக்கத்தை மீட்டுத் தருவதற்காக, விக்கெட் பக்கங்களைப் பைட்டுகளின் வரிசையாக்கி வட்டில் எழுதிவைக்கும். இச்செயல் சீரியலைசேஷன் எனப்படும். பக்கத்தின் புலத்தில் சேவை நேரடியாக அமர்ந்திருந்தால், பக்கத்தோடு சேவையும், சேவையோடு தரவுத்தளத் தொடர்பும், சங்கிலியாய் அதன் பின்னிருக்கும் கொள்கலனும் வட்டுக்கு இழுபடும். வரிசையாக்க முடியாத முதற்பொருளில் முட்டியவுடன் பிழை எழும். ஆகவே புலத்தில் சேவைக்குப் பதிலாக, சேவையின் வகையையும் பெயரையும் மட்டும் நினைவில் வைத்திருக்கும் இலகுவான பதிலாள் ஒன்று, அதாவது ப்ராக்ஸி, வைக்கப்பட்டது. பக்கம் வட்டிலிருந்து எழுந்துவந்ததும் பதிலாள் கொள்கலனிடம் சென்று உரியவரை மீண்டும் கண்டடையும். கவனிக்க வேண்டியது, ஒழித்துவிட்டதாகக் கருதப்பட்ட தேடல் இங்கே பதிலாளின் உள்ளே மறைவாகத் திரும்பி வந்துவிட்டது என்பதே. காம்பொனென்ட் குடும்பத்தைச் சாராத தரவு வழங்கிகளுக்கோ இந்த உதவியும் தானாகக் கிடைப்பதில்லை. அவற்றின் ஆக்கியில் நிரலாளரே உட்செலுத்தியை வெளிப்படையாக அழைத்தாக வேண்டும்.

அதிகாரபூர்வத் தரத்தின் பக்கத்திலும் இதே எல்லைத் தகராறு வேறு வடிவில் நடந்தது. ஜே2இஇ தொகுப்பின் அடுத்த வடிவமாக 2006இல் வந்த ஜாவா இஇ 5 இஜேபியை எளிமையாக்கிச் சில வகைச் சார்புகளைக் குறிகளால் பெறச் செய்தது. ஜேபாஸ் நிறுவனத்தின் சீம் சட்டகத்தைப் படைத்த கேவின் கிங், வலைப்பக்க உறுப்பையும் பின்னணிச் சேவையையும் ஒரே ஒதுக்கீட்டின் கீழ்க் கொண்டுவரும் நோக்குடன், பின்னர் சிடிஐ என்று பெயர்பெற்ற ஜேஎஸ்ஆர் 299 வரையறையை வழிநடத்தினார். அது முடியும் தறுவாயில், 2009இல், பாப் லீயும் ராட் ஜான்சனும் இன்ஜெக்ட், நேம்டு, குவாலிஃபையர், ஸ்கோப், சிங்கிள்டன் ஆகிய சில குறிகளை மட்டும் வரையறுக்கும் ஜேஎஸ்ஆர் 330ஐ முன்வைத்தனர். இரண்டும் மோதாமல், 299 தன் அடிப்படைக் குறிகளாக 330இன் குறிகளை ஏற்று, அவ்வாண்டு டிசம்பரில் ஜாவா இஇ 6இல் ஒன்றாக இடம்பெற்றன. இன்ஜெக்ட் என்று ஒரு முறை எழுதினால் ஸ்பிரிங், கைஸ், சிடிஐ மூன்றும் புரிந்துகொள்ளும் நிலை அதனால் ஏற்பட்டது. இத்தொழிலின் வரலாற்றில் போட்டியாளர்கள் இவ்வளவு தெளிவாக ஒத்துப்போன தருணங்கள் அரிது.

ஆனால் அதே ஜாவா இஇ 6இல் இடம்பெற்ற ஜேஎஸ்எஃப் 2.0 என்னும் வலை உறுப்புச் சட்டகம், சிடிஐக்கு இணையாகத் தனக்கென்று ஓர் ஒதுக்கீட்டு முறையையும் வைத்துக்கொண்டது. அதனால் செஷன்ஸ்கோப்டு என்ற ஒரே பெயரில் இரண்டு குறிகள் இரு வேறு பொதிகளில், அதாவது பேக்கேஜ்களில், இருந்தன. ஒன்று ஜேஎஸ்எஃபுக்கு உரியது, மற்றொன்று சிடிஐக்கு உரியது. நிரல் எழுதும் கருவி காட்டும் பட்டியலில் தவறானதைத் தேர்ந்து, அதைச் சிடிஐயின் நேம்டு குறியுடன் சேர்த்து எழுதியவருக்குத் தொகுப்பி எந்த எச்சரிக்கையும் தராது. சிடிஐ தனக்குத் தெரியாத குறியைப் புறக்கணித்து, பக்கம் கேட்கும் ஒவ்வொரு முறையும் புதுப் பொருளை உண்டாக்கித் தரும். பயனர் படிவத்தில் இட்ட பெயரும் முகவரியும் அடுத்த திரையில் காணாமற்போகும். சிடிஐயை விழித்தெழச் செய்ய பீன்ஸ்.எக்ஸ்எம்எல் என்னும் கோப்பு, உள்ளே ஓரெழுத்தும் இல்லாமல் வெற்றுக் கோப்பாக இருந்தாலும், உரிய கோப்புறையில் இருந்தாக வேண்டும் என்ற விதியும் பலரை அலைக்கழித்தது. 2013இல் ஜாவா இஇ 7 அதைத் தளர்த்தியது. படிவத்தின் உள்ளீட்டைச் சரிபார்க்கும் வேலிடேட்டர்களும் வகைமாற்றும் கன்வெர்ட்டர்களும் ஜேஎஸ்எஃபின் கையிலேயே பிறந்ததால், அவற்றுக்குள் முறைப்படி உட்செலுத்த 2017இல் வந்த ஜேஎஸ்எஃப் 2.3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எட்டு ஆண்டுகள் நீண்ட இத்தாமதம் பொறுத்துக்கொள்ளத் தக்கதன்று. சரிபார்ப்பு என்பது பெரும்பாலும் தரவுத்தளத்தைக் கேட்டறிய வேண்டிய வேலை, அதைச் செய்யும் உறுப்புக்கே சேவையைக் கொடுக்க மறந்தது வடிவமைப்பின் குறையே.

யாருக்கு எது என்பதோடு எவ்வளவு காலத்துக்கு என்ற கேள்வியும் இணைந்துவருகிறது. ஓர் உறுப்பு வாழும் காலத்தின் எல்லையை ஸ்கோப் என்பர்: சில உறுப்புகள் செயலி இயங்கும் வரை வாழ்பவை, சில ஒரு பயனரின் அமர்வு முடியும் வரை வாழ்பவை, சில ஒரே கோரிக்கையோடு முடிபவை. நெடுங்காலம் வாழும் உறுப்புக்குள் குறுங்காலம் வாழும் உறுப்பை அப்படியே வைத்துவிட்டால், முதல் பயனருக்காகப் பிறந்த விவரம் அடுத்தடுத்த பயனர்களுக்கும் போய்ச்சேரும். இதைத் தவிர்க்கச் சிடிஐ இத்தகைய இடங்களில் தானாகவே பதிலாளை வைக்கிறது. ஸ்பிரிங்கிலோ நிரலாளர் அதைக் கேட்டுப் பெற வேண்டும். பதிலாளும் காப்பாற்ற முடியாத பிழை ஒன்று உண்டு. ஸ்பிரிங்கின் கன்ட்ரோலர், இயல்பாக, செயலி முழுவதற்கும் ஒன்றே. அதன் புலம் ஒன்றில் நடப்புப் பயனரின் பெயரை எழுதிவைத்தால், ஒருவர் சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும், நூறு பேர் ஒரே நேரத்தில் நுழையும் நாளில் ஒருவர் கணக்கில் இன்னொருவர் பெயர் தோன்றும். 1997இன் சர்வ்லெட் ஏற்பாட்டில் கிடந்த அதே வித்து, சட்டகங்கள் மாறியும் இங்கே மீண்டும் முளைக்கிறது.

2014 ஏப்ரலில் வெளியான ஸ்பிரிங் பூட் எல்லைத் தகராற்றை நேர் எதிர்த்திசையில் அணுகியது. அதுவரை பெரும்பாலும் சேவையகத்துக்குள் செயலி வாழ்ந்தது. ஸ்பிரிங் பூட்டில் செயலிக்குள் டாம்கேட் சேவையகம் வாழ்கிறது, அதைப் பிறப்பிப்பதும் ஸ்பிரிங் கொள்கலனே. இரண்டு கைகளும் ஒன்றானதால் பழைய சிக்கல்கள் பல சத்தமின்றி மறைந்தன. ஒதுக்கீடு இவ்வளவு எளிதானதன் மறுபக்கம், ஒரே வகுப்பில் பன்னிரண்டு, பதினைந்து சார்புகளைக் குறிகளாக அடுக்குவதும், அ என்னும் சேவை ஆ என்னும் சேவையையும், ஆ மீண்டும் அ-வையும் சார்ந்து நிற்பதும் உறுத்தாமற்போனது. புலத்தில் உட்செலுத்தும்போது கொள்கலன் பாதி பிறந்த பொருளை மற்றதன் கையில் கொடுத்து இவ்வட்டத்தை ஒருவாறு சமாளித்துவந்தது. ஆக்கி வழியில் அது இயலாது, ஏனெனில் இரண்டில் எதையும் முதலில் பிறப்பிக்க முடியாது. பைக்கோகன்டெய்னர் தொடக்கத்தில் வாதிட்ட ஆக்கி வழியே சிறந்தது என்ற முடிவுக்கு ஸ்பிரிங் குழுவும் நாளடைவில் வந்தது. 2016இல் வந்த 4.3 பதிப்பு, ஒரே ஆக்கி உள்ள வகுப்புக்குக் குறியே தேவையில்லை என்றாக்கியது. 2021 நவம்பரில் ஸ்பிரிங் பூட் 2.6 வட்டச் சார்புகளை இயல்புநிலையில் தடைசெய்தபோது, ஆண்டுக்கணக்கில் ஓடிய பல செயலிகள் புதுப்பித்த அன்றே தொடங்க மறுத்தன. அம்மறுப்பு நன்மையே, மறைந்திருந்த பிணக்கு அன்றுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

சன் நிறுவனத்தை 2010இல் கையகப்படுத்திய ஆரக்கிள், 2017இல் ஜாவா இஇயை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முன்வந்தது. ஆனால் ஜாவா என்னும் வணிகப் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே 2018இல் தொகுப்புக்கு ஜகார்த்தா இஇ என்று புதுப்பெயர் இடப்பட்டது; தீவின் பெயரால் தொடங்கிய தொழில்நுட்பம் அத்தீவின் பெருநகரப் பெயருக்கு மாறியது. 2020 இறுதியில் வந்த ஜகார்த்தா இஇ 9, ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பொதிப் பெயர்களை ஜகார்த்தா என்று மாற்றியது. இன்ஜெக்ட் குறியும் தன் பொதிப் பெயரை மாற்றிக்கொண்டது. ஸ்பிரிங் பூட் 3 இம்மாற்றத்தை 2022 நவம்பரில் ஏற்றது. பழைய பொதிப் பெயருடன் குறியிட்ட சர்வ்லெட் ஒன்றை எடுத்து, புதுப் பெயர்களை மட்டுமே அறிந்த டாம்கேட் 10இல் வைத்தால், சேவையகம் எந்த முறையீடும் இன்றித் தொடங்குகிறது, தன் பெயர்ப்பட்டியலை வாசிக்கிறது, பழைய எழுத்தில் பெயர் கொடுத்த அந்தச் சர்வ்லெட்டை மட்டும் அழைக்காமல் கடந்துசெல்கிறது. பக்கத்தைக் கேட்டவரின் உலாவியில் 404 என்ற எண் தெரிகிறது.